கலிங்கன் புஞ்சை

செப்டம்பர் 2, செவ்வாய்

மழைநீர் வடிகால் திட்டத்தில் என்னையும் சேர்த்து ஆணை வந்துவிட்டது. அதில் என் பெயர் மரகதவள்ளி என்று இருக்கிறது. முப்பத்தோரு வருட சர்வீஸில் ஒரு தடவைகூட ‘வல்லி’யைச் சரியாக அடித்ததில்லை. முதுநிலை வரைதொழில் அலுவலர் என்ற பதவியை மட்டும் எழுத்துப் பிசகாமல் போட்டிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். மாவட்டத்திலிருந்து முழுமையான திட்டம் ஒன்றைத் தயாரித்து அக்டோபர் பத்துக்குள் அனுப்பினால் மாநில மானியம் கிடைக்கும். ஒருநாள் பிந்தினாலும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் உலகனேந்தலில் ஐப்பசி பிறந்தால் கீழத்தோப்பு முழுக்கத் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று படம் போட்டுத் தருவது என் வேலை.

உதவிப் பொறியாளர் ரஹ்மத் நிஷா, புதிதாக வந்தவள். எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். பதவியில் மேல் என்பதால் நான் மேடம் என்கிறேன். வயதைப் பார்த்து அவள் அக்கா என்கிறாள். இரண்டு பேருக்குமே கூச்சமாக இருக்கிறது.

என் இருக்கை ஜன்னலோரம். வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். நாலு மணிக்கு மேல் அது இலையை மடக்க ஆரம்பிக்கும், எனக்கும் கண் சொக்கும். இன்றைக்கும் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

முழங்கால் வலி. வீட்டுக்கு ஒன்பது படி ஏற வேண்டும். கலிங்கா நகரில் வேறெந்த வீட்டுக்கும் மூன்று படிக்கு மேல் கிடையாது. கட்டும்போது இவர் பிடிவாதமாக அஸ்திவாரத்தை உயர்த்தினார். காற்று வரும் என்றார். காற்று வருகிறது, அதில் குறையில்லை.

இவர் என்று இன்னும் எழுதுகிறேன். சபாரத்தினம் போய் நாலு வருடமாகிறது. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். டப்பா துடைக்கும்போது அவர் எழுதிய மளிகைச் சீட்டு ஒன்று அகப்பட்டது. கோழி கிளறின எழுத்து. கொத்தமல்லியா கொள்ளா என்று கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக் கேட்பார். சீட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். அவரும் தனியாள்தான். பேச்சுவாக்கில் வழக்கம்போல அதையே சொன்னார்: சர்வேயரே இங்கே வீடு கட்டுகிறார் என்றால் நிலத்தில் வில்லங்கம் இருக்காது என்று நம்பித்தான் இந்த மனையை வாங்கினாராம். பதினைந்து வருடமாகக் கேட்கிற பேச்சு. இன்றைக்கு என்னவோ பிடிக்கவில்லை, கீரையை ஆய வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கீழத்தோப்பில் மட்டம் எடுத்தோம். நிஷா கருவியில் கண்ணை வைத்துப் படிக்க, நான் குறித்துக்கொண்டேன். வெயிலில் எல்லாமே லேசாக மிதப்பதுபோல் இருந்தது. வீடுகள், சேவல்கள், கயிற்றில் காயும் பாவாடைகள்.

பஞ்சவர்ணம் என்பவரின் இட்லிக் கடையில் தண்ணீர் குடித்தோம். சுவரில் என் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. போன கார்த்திகையில் தண்ணீர் நின்ற அளவாம். அதை அழுத்தித் துடைத்தால் போய்விடுமே என்று நிஷா கேட்டாள்.

“இருக்கட்டும்மா. அளக்க வாரவுக கேப்பாக. மருமகளுக்கு வலி கண்ட அன்னைக்கு நின்ன தண்ணி இது. கதவக் கழட்டி அதுல படுக்க வச்சு, நாலு பேரு தூக்கிட்டுப் போனோம். பிள்ளை தங்கல.”

அழாமல்தான் சொன்னார். பிறகு, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் முன்பெல்லாம் எந்தப் பக்கம் போகும் என்று நிஷா கேட்டாள். பஞ்சவர்ணம் கரண்டியைத் தெற்கே நீட்டினார்.

“கலுங்கு அங்கிட்டுத்தான இருந்துச்சு. இப்பத்தான் பெரிய பெரிய வீடா கட்டிட்டாகளே.”

கலுங்கு என்றால் என்னவென்று நிஷாவுக்குத் தெரியவில்லை. நகரத்துப் பெண். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையில் கட்டியிருக்கும் கல்வரிசை என்றும், ஏட்டில் கலிங்கு என்று எழுதுவார்கள் என்றும் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தலைவலி. படம் போடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சமமட்டக் கோடுகளைப் போட்டு முடித்தேன். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கிற கோடுகள் அவை. மேடு பள்ளம் எங்கே என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கண்மாய்க்குத் தெற்கே அத்தனை கோடும் வளைந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன. கலிங்கா நகர், இரண்டாவது தெரு. என் தெரு.

நிஷா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு அந்த வழிதான் வேண்டும் என்று சொன்னாள். ஆனால் அது முழுவதும் பட்டா நிலம். கலிங்கன் என்ற ஒருவரின் புஞ்சையாக இருந்து, கைமாறி, மனைகளாகப் பிரிந்தது என்று பதிவேடு சொல்கிறது. தனியார் நிலத்தில் வாய்க்கால் வெட்ட இந்த மானியத்தில் இடமில்லை.

மார்க்கெட் ரோடு வழியாக ஆழமாகக் கால்வாய் வெட்டி, மூன்று இடத்தில் பம்ப் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

“மேட்டுல தண்ணிய ஏத்துறதுக்கு மானியம் கேட்டா சிரிப்பாங்கக்கா,” என்றாள்.

சிரிக்க மாட்டார்கள், நான் அழகாகப் படம் போட்டுத் தருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் அயர்ந்துவிட்டேன். கனவில் நம் வீட்டுப் படியில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. யார் என்று கேட்டேன். கலிங்கன் என்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, இது என் இடம்தானே, நான் எதற்கு வர வேண்டும் என்று சிரித்தார். கோபமே இல்லாத குரல். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து காபி போட்டேன். இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பஞ்சவர்ணம் சொன்ன வார்த்தையை நிஷா விடவில்லை. கலிங்கு, கலிங்கன், கலிங்கா நகர் என்று மூன்றையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆவண அறையில் பழைய நிலப் பதிவேடு இருந்தால் பார்த்துவிட்டு வர முடியுமா அக்கா என்றாள். போனேன்.

பழைய ஏடும், அதைப் பார்த்து இருபத்துநாலு வருடத்துக்கு முன் எழுதிய புதிய நகலும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. தேட வேண்டியிருக்கவில்லை. எடுத்ததும் நாற்பத்தோராம் பக்கம் வந்தது. பழைய ஏட்டில் ‘கலிங்கு’, வகை: புறம்போக்கு. நகலில் அதே வரிசை எண்ணுக்கு எதிரே ‘கலிங்கன்’, வகை: புஞ்சை. கடைசி எழுத்து மாறி, தண்ணீர் போகிற இடம் ஒரு மனிதனாகிவிட்டது. மனிதன் என்றால் நிலம் வைத்துக்கொள்ளலாம், வாரிசு வரலாம், விற்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் மஞ்சளாக, நன்றாகத்தான் இருந்தது.

மணி ஒன்றாகிவிட்டதால் சாப்பிடப் போனேன். பழைய ஏட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று நிஷாவிடம் சொன்னேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

தயிர் உறையவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மார்க்கெட் ரோடு படம் முக்கால்வாசி முடிந்தது. பம்ப் நிற்கும் இடங்களுக்கு நீல நிறம் கொடுத்தேன். பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நல்ல மழை நாளில் முதல் வேலையாகக் கரண்டு போகும். அப்புறம் பம்ப் எங்கே ஓடப் போகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

நிஷா தானே ஆவண அறைக்குப் போயிருக்கிறாள். மூச்சிரைக்க வந்தாள். இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்து வந்திருந்தாள்.

“கரையானும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. பாருங்க, தண்ணிய ஆளாக்கி வச்சிருக்காங்க.”

சந்தோஷத்தில் குதிக்காத குறை. நகல் பக்கத்தின் அடியில் கையொப்பத்தைப் பெரிதாக்கிப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சபாரத்தினம், அளவர். என் மேஜையில் ‘மரகதவல்லி சபாரத்தினம்’ என்றிருக்கும் பெயர்ப்பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அலமாரிப் பக்கம் பார்த்தேன். கரையான் கதையை ஏன் சொன்னேன் என்று தனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது மெதுவாகச் சொன்னாள்.

“சாரோட எழுத்து எவ்வளவு அழகுக்கா. அச்சடிச்ச மாதிரி.”

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயிலும் தூறலுமாக ஒரு மதியம். கலிங்கன் மறுபடியும் வந்தார். இந்த முறை படியில் உட்காரவில்லை. வாசல் வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே நடந்து, பின்பக்கமாகப் போனார். அவர் நடந்த இடமெல்லாம் தரை நெகிழ்ந்தது. தெரு முழுக்கத் தண்ணீர், சத்தமே இல்லை. எஸ்தர் டீச்சர் தன் வாசலில் நின்று எனக்குக் கையசைத்தார். நான் இந்த வழியாகத்தானே போவேன், உனக்குத் தெரியாததா என்று கலிங்கன் கேட்டார்.

எழுந்ததும் இவர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். செத்தவர் மேல் எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது, அவரும் ஏற்றுக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் ஆபீஸில் இன்றைக்கே ஆயுத பூஜை. கணினிக்கும் லெவல் கருவிக்கும் சந்தனம், குங்குமம். நிஷா எல்லாருக்கும் சுண்டல் எடுத்துக் கொடுத்தாள். அவள் முகம் சரியில்லை.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். நகலில் இருப்பதுதான் இப்போது சட்டப்படி செல்லும். அதை ரத்து செய்ய வேண்டுமானால் அது எப்படி மாறியது என்று நேரில் அறிந்த ஒருவர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எழுதியவரோ இறந்துவிட்டார். அவரிடம் போய்க் கேட்க முடியாது. வெறும் இரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு போனால் மனைக்காரர்கள் தடை வாங்குவார்கள், தேதி முடிந்துவிடும்.

வாக்குமூலம் மட்டும் கிடைத்தால் மானியத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம் என்றாள். காலி மனைகள் வழியாக ஒரு வாரத்தில் தற்காலிகமாக வெட்டி, இந்த மழையிலேயே தண்ணீரைத் திருப்பிவிடலாம். மானியம் வந்தபின் நிரந்தர வாய்க்கால். அதற்கு எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள் போகும். தெரியாமல் வாங்கினவர்களுக்கு மாற்று வீடு தர திட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம். தெரிந்து வாங்கினவர்களுக்கு இல்லை.

“வேற வழி இல்லக்கா. மார்க்கெட் ரோட்டையே அனுப்பிடுவோம்,” என்றாள்.

சுண்டலில் உப்பு கம்மி. அதை மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

காலையில் பஸ் ஏறி, பஞ்சவர்ணம் கடையில் போய் இட்லி சாப்பிட்டேன். மருமகள்தான் பரிமாறினாள். நல்ல களையான முகம். மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். கார்த்திகை முதல் வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறார்களாம்.

முன்கூட்டியே அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்டேன். பஞ்சவர்ணம் சிரித்துவிட்டார்.

“அவ ஆத்தா வீடு அடுத்த சந்துலதான் இருக்கு. இங்க இடுப்பளவுன்னா அங்க கழுத்தளவு.”

அந்தப் பெண்ணும் சிரித்தாள். சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாததை எழுதுகிறேன்.

இவர் எழுத்தை இவராலேயே படிக்க முடியாது. அதனால் பதிவேடுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் நகலெடுப்பேன், அவர் அடியில் கையொப்பம் போடுவார். அப்போது வாடகை வீடு. தரையில் குப்புறப் படுத்து எழுதுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கி உப்புப் போட்டு என் வாயில் வைப்பார். அப்படித்தான் ஒரு மதியம் நாற்பத்தோராம் பக்கம் வந்தது. கலிங்கு என்று படித்தேன். அங்கே ஒரு ‘ன்’ போட்டு ஆள் பெயராக எழுது, வகையைப் புஞ்சை என்று போடு என்றார். யார் இந்தக் கலிங்கன் என்றேன். ஒரு ஆள்தான், எழுது என்றார்.

நான் கண்மாய்க்கரையில் பிறந்தவள். கலிங்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன். அழகாக, நிறுத்தி, குண்டு குண்டாக எழுதினேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அவர் கேட்டிருந்தால் கண்மாயையே ஆள் என்று எழுதியிருப்பேன். அவசரத்தில் ஏதோ தவறு செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் நமக்கு ஒரு மனை வந்தபிறகு அப்படி நினைக்கவில்லை. அஸ்திவாரத்தை அவர் உயர்த்தியபோது ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாளை மறுநாள் வாக்குமூலம் கொடுக்கப் போவதையும், உங்களுக்கு மாற்று வீடு கிடைக்கும் என்பதையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரி இல்லை.

“எப்ப இருந்து தெரியும் உனக்கு?”

“நீங்க குடிவந்த அன்னைக்கே தெரியும் டீச்சர்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழை வரும்போல இருக்கு, துணி எடுக்கணும் என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நான் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

நிஷாவிடம் சொன்னேன். எழுதியவர் இறக்கவில்லை மேடம், உங்கள் எதிரில்தான் நிற்கிறார் என்றேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு அறைக் கதவைச் சாத்தினாள்.

“வேலை போயிரும்க்கா. பென்ஷன், வீடு எல்லாமே போயிரும். நான் வெளிய சொல்ல மாட்டேன். மார்க்கெட் ரோட்டையே அனுப்பிடலாம்.”

மார்க்கெட் ரோடு படத்தைக் காலையில் வந்ததுமே அழித்துவிட்டேன் என்றேன். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பதினோரு மணிக்குக் கோட்டாட்சியர் அறை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஓரத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் எனக்கு எட்டத்தில் கேட்டது. கோட்டாட்சியர் நல்ல மனிதர். இதனால் எனக்கு வரக்கூடிய விளைவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். மாற்று வீடு உங்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொன்னார். தெரியும் என்றேன்.

நகல் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார். உங்கள் கணவர் வற்புறுத்தி எழுதச் சொன்னாரா என்றார். இல்லை, சொன்னார், எழுதினேன் என்றேன். வற்புறுத்தினார் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் நல்லது என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அவர் வற்புறுத்தவில்லை. வெள்ளரிக்காய் கொடுத்தார், அவ்வளவுதான்.

கடைசியாக அவர் பேனாவால் அந்தப் பெயரைத் தொட்டார்.

“இந்தக் கலிங்கன்ங்கிறவர் யாரும்மா? இப்ப எங்க இருக்கார்?”

“அப்படி ஒரு ஆளே கிடையாது சார். அது தண்ணி போற இடம். ஆளா எழுதினது நான்.”

அதையும் அடித்தார்கள். படித்துக் காட்டினார்கள். கீழே கையொப்பம் போடச் சொன்னார்கள். இருபத்துநாலு வருடம் கழித்து அந்தப் பக்கத்துக்கு என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.